விமானக் குழுவினரின் உணவுப்படி: 70 சதவீதக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நாட்கள் நெருங்கும்போதெல்லாம் விமானிகள், கேபின் குழுவினர் ஆகியோரின் கைப்பேசிகளில் ஒரு சூத்திரம் சுற்றத் தொடங்குகிறது. ‘வெளியூரில் தங்கும்போது தரப்படும் படியில் 70 சதவீதத்தைக் கழித்துவிட்டு மீதிக்கு வரி கட்டினால் போதும்’ என்பதுதான் அது. இந்த ஒரு வரியில் மூன்று பிழைகள் இருக்கின்றன. 70 சதவீத விலக்கு வேறொரு படிக்கு உரியது. அந்தப் படிக்கும் மாத உச்சவரம்பு உண்டு. புதிய வரி முறையில் அந்த விலக்கே கிடையாது. இதை நம்பிக் கணக்குப் போட்டவர்களுக்கு ஓரிரு ஆண்டு கழித்து நோட்டீஸ் வரும்போது வரி, வட்டி, அபராதம் மூன்றும் சேர்ந்து வருகின்றன. ஆகவே 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கான கணக்கை எப்படிப் போடுவது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எல்லோரும் ‘உணவுச் செலவுக் கழிவு’ என்கிறார்கள். நம் நாட்டில் சம்பளக்காரருக்கு அப்படியொரு கழிவு இல்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 16ஆவது பிரிவு சம்பளத்திலிருந்து கழிக்க அனுமதிப்பவை நிலையான கழிவு, தொழில் வரி, அரசு ஊழியர்களுக்கு மட்டுமான கேளிக்கைப் படிக் கழிவு ஆகியவையே. சாப்பாட்டுக்குக் கைக்காசு போட்டுச் செலவழித்தால் அதைக் கழிக்க வழியில்லை. நிறுவனம் ஒரு படியைக் கொடுத்து, அந்தப் படி 10(14) பிரிவுக்குள் அடங்கினால், படியின் ஒரு பகுதிக்கோ முழுவதற்குமோ விலக்கு கிடைக்கும். படியே கொடுக்காவிட்டால் விலக்கும் இல்லை. படி 2,000 ரூபாய், செலவு 2,600 ரூபாய் என்றால் விலக்கு 2,000 மட்டும்தான். மிச்சம் 600 அவரவர் பாடு.

வெளிநாட்டு விமானக் குழுவினர் பேசும் காணொளிகளைப் பார்த்து நாளொன்றுக்கு இத்தனை டாலர் என்று நிலையான தொகையைக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் போக்குவரத்து ஊழியருக்கென்று தனி நாள் விகிதம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஊழியர்கள் தங்கள் செலவைக் கூட்டரசு வரியில் கழிப்பது அங்கேயே 2018 முதல் நின்றுபோயிற்று. ஆஸ்திரேலிய வரித் துறை ஆண்டுதோறும் அறிவிக்கும் ‘நியாயமான தொகை’ ரசீது வைத்திருக்கும் கடமையைத் தளர்த்துகிறதே தவிர, செலவழிக்காத பணத்தைக் கழிக்க உரிமை தருவதில்லை. இரண்டுமே நம் சட்டத்துக்குத் தொடர்பில்லாதவை.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். 10(14) பிரிவில் இரண்டு உட்பிரிவுகள் உள்ளன. அவற்றுக்கான விவரம் வருமான வரி விதிகளில் 2பிபி என்ற விதியில் இருக்கிறது. குழப்பமெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பிறக்கிறது.

முதல் உட்பிரிவின் கீழ், வழக்கமான பணியிடத்தை விட்டு வெளியே இருக்க நேர்வதால் ஏற்படும் அன்றாடச் செலவுக்காகக் கொடுக்கப்படும் படி வருகிறது. தினப்படி, லே-ஓவர் (பணியின் நடுவே வெளியூரில் தங்குவது) படி, வெளியூர் உணவுப்படி என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். இதற்கு ரூபாய் வரம்பு இல்லை, சதவீதமும் இல்லை. சட்டம் கேட்பது ஒன்றே: அந்த நோக்கத்துக்காக உண்மையில் செலவான அளவு எவ்வளவு? அந்த அளவுக்கு மட்டும் விலக்கு. மீந்தது சம்பளத்தோடு சேரும்.

இரண்டாம் உட்பிரிவின் கீழ் வருவது, ஏதேனும் ஒரு போக்குவரத்து அமைப்பில் வேலை செய்பவர், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வாகனத்தை இயக்கும் பணியின்போது தன் சொந்தச் செலவைச் சமாளிப்பதற்காகக் கொடுக்கப்படும் படி. இங்கேதான் 70 சதவீதம் வருகிறது. மாதம் ஒன்றுக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். 2008 செப்டம்பருக்கு முன் இது 6,000 ஆக இருந்தது. செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்பது இதன் வசதி. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை இருக்கிறது: அந்த ஊழியர் தினப்படி பெறாதவராக இருக்க வேண்டும். கைப்பேசிச் சூத்திரத்தில் விடுபட்டுப்போவது இந்த நிபந்தனைதான்.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் சம்பளச் சீட்டில் உண்டு. அதுதான் தொகையில் பெரியது. பறந்த மணிக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படும் பறப்புப் படி செலவை ஈடுகட்டக் கொடுக்கப்படுவதா, வேலைக்கான கூலியா என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. பணி நியமனக் கடிதத்தையும் நிறுவனத்தின் படி விதிகளையும் எடுத்துப் படிக்க வேண்டும். விடுப்பில் இருந்தாலும் மாதத்துக்கு இத்தனை மணி உறுதி என்று அந்தத் தொகை கிடைத்தால் அது ஊதியம். வீட்டில் இருந்தவருக்குப் பயணச் செலவு என்று ஒன்று இருக்க முடியாது. அனுபவத்துக்கும் பதவிக்கும் ஏற்ப மணி விகிதம் ஏறினால் அதுவும் ஊதியத்தின் அடையாளம்தான். கேப்டனும் துணை விமானியும் ஒரே ஓட்டலில் ஒரே இட்லியைத்தான் சாப்பிடுகிறார்கள். இதற்கு மாறாக, ‘பறக்கும் பணியின்போது ஏற்படும் சொந்தச் செலவுக்காக’ என்று நியமனக் கடிதமோ படி விதியோ சொல்லியிருந்தால் இரண்டாம் உட்பிரிவைக் கோர அடிப்படை இருக்கிறது. எழுத்தில் ஒன்றும் இல்லாமல் ‘அலவன்ஸ்’ என்ற சொல்லை மட்டும் நம்பி விலக்குக் கேட்பது மணலில் கட்டிய வீடு.

முதல் உட்பிரிவின் கணக்கை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். சென்னையைப் பேஸாக, அதாவது வழக்கமான பணித்தளமாகக் கொண்ட ஒரு கேபின் ஊழியருக்கு ஒரு மாதத்தில் வெளியூரில் 6 இரவுகள், இரவுக்கு 3,000 வீதம் 18,000 ரூபாய் லே-ஓவர் படி என்று வைத்துக்கொள்வோம். ஓட்டல் அறையையும் விமான நிலையத்துக்குப் போய்வரும் வண்டியையும் நிறுவனமே நேரடியாகக் கட்டிவிடுகிறது. காலை உணவு அறை வாடகையிலேயே அடக்கம். ஆக, ஊழியர் கைக்காசில் செய்யும் செலவு மதிய உணவு, இரவு உணவு, தேநீர், தண்ணீர், சீருடை சலவை. ரசீதுகளைக் கூட்டினால் 9,400 ரூபாய் வருகிறது. விலக்கு 9,400. மீதி 8,600 வரிக்குரியது. இவ்வளவுதான் கணக்கு.

இதில் தவறு நேரும் இடங்கள் சில உண்டு. காலை உணவு இலவசமாகக் கிடைத்திருக்கும்போது நாளுக்கு மூன்று வேளை என்று மதிப்பீடு போடுவது முதல் தவறு. விமானத்தில் குழுவினருக்கு ஏற்றப்படும் சாப்பாட்டையும் ‘செலவு’ என்று எழுதுவது அடுத்தது. காசு கொடுக்காத சாப்பாடு உண்மையில் செலவானது ஆகாது. ஓய்வு நேரத்தில் ஊர் சுற்றிய டாக்ஸி, வீட்டுக்கு வாங்கிய பொருள், மது ஆகியவற்றை அன்றாடச் செலவில் சேர்க்கக் கூடாது. இருவர் சேர்ந்து சாப்பிட்டு ஒருவர் அட்டையில் கட்டியிருந்தால் இருவரும் முழுத் தொகையையும் காட்டுவது அடிக்கடி நடக்கிறது. ரசீதின் பின்பக்கம் ‘என் பங்கு இவ்வளவு’ என்று அன்றைக்கே எழுதி வைத்துவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

வழக்கமான பணியிடம் எது என்பதிலும் கவனம் வேண்டும். வரிச் சட்டம் அதற்கு இலக்கணம் சொல்லவில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பணிநேர விதிகளில் ‘ஹோம் பேஸ்’ என்பது நிறுவனம் ஒருவருக்குக் குறித்துக் கொடுக்கும் இடம், அவர் வழக்கமாகப் பணியைத் தொடங்கி முடிக்கும் இடம் என்று இருக்கிறது. நடைமுறையில் இதைவிட நல்ல சான்று இல்லை. பேஸ் டெல்லி, குடும்பம் மதுரையில் என்றால், மதுரையில் லே-ஓவர் விழும் இரவு பணியிடத்துக்கு வெளியேதான், படி கிடைக்கும். ஆனால் அம்மா கையால் சாப்பிட்ட இரவுக்குச் செலவு ஏது? அந்த இரவின் படி முழுவதும் வரிக்குரியது. இன்னொரு பக்கம், பேஸிலேயே விமான நிலையத்தில் காத்திருக்கும் பணிக்குக் கொடுக்கும் உணவுப்படி முதல் உட்பிரிவில் வராது. அவர் பணியிடத்தை விட்டு நகரவே இல்லை. பேஸ் நிரந்தரமாக மாற்றப்பட்டால் மாற்றப் பயணக் காலத்துக்கு மட்டுமே படிவிலக்கு. புது ஊரில் வீடு தேடும் மாதங்களுக்குப் படி கொடுத்தாலும் அது சம்பளமே.

காலையில் புறப்பட்டு மூன்று ஊர் தொட்டு இரவுக்குள் பேஸுக்கே திரும்பும் நாள்களைப் பற்றிக் கேள்விகள் அதிகம் எழுகின்றன. விதியில் ‘இரவு தங்க வேண்டும்’ என்று எங்கும் இல்லை. ஆனாலும் அப்படிப்பட்ட நாளில் பெரும்பாலும் விமானத்திலேயே சாப்பாடு கிடைத்துவிடுவதால், காட்டுவதற்குச் செலவு ஒன்றும் இருப்பதில்லை. அந்த நாளுக்கான படி வாகனத்தை இயக்கும் பணியின்போதான சொந்தச் செலவுக்கு என்று எழுதப்பட்டிருந்தால் இரண்டாம் உட்பிரிவுக்குப் பொருந்தலாம்.

வெளிநாட்டு லே-ஓவரில் படியை வெளிநாட்டுப் பணமாகவே கொடுத்தால் கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கிறது. சம்பளச் சீட்டில் ரூபாயாகவே வந்தால் அந்த ரூபாய்தான் வருமானம், மாற்ற ஒன்றுமில்லை. டாலராக வந்தால் விதி 115 பொருந்தும். அந்தச் சம்பளம் உரியதாகும் மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் பாரத ஸ்டேட் வங்கியின் தந்தி மாற்றல் வாங்கும் விகிதத்தை (வெளிநாட்டுப் பணத்தை அந்த வங்கி வாங்கும் விலையை) எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுவனம் வரி பிடிக்கும்போது விதி 26இன்படி வரி பிடிக்க வேண்டிய நாளின் விகிதத்தை எடுக்கிறது. இரண்டு நாளும் வேறு, விகிதமும் வேறு. நிறுவனம் தரும் சம்பள வரிச் சான்றான படிவம் 16இல் உள்ள ரூபாய்க்கும் நீங்கள் போட்ட ரூபாய்க்கும் சில நூறு வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். பதறத் தேவையில்லை, கணக்குத் தாளைப் பத்திரப்படுத்தினால் போதும்.

உதாரணத்துக்கு விகிதம் 85 ரூபாய் என்று கொள்வோம். ஒரு மாதத்தில் 300 டாலர் படி என்றால் 25,500 ரூபாய். அதில் சாப்பாட்டுக்கும் சலவைக்கும் 180 டாலர் செலவு என்றால் 15,300 ரூபாய் விலக்கு, 10,200 வரிக்குரியது. செலவை மாற்ற வங்கி அட்டைக் கணக்கிலுள்ள ரூபாயை எடுத்துவிடுபவர்கள் உண்டு. அதில் வங்கியின் விற்கும் விகிதமும் மாற்றுக் கட்டணமும் ஒட்டிக்கொண்டிருக்கும். டாலருக்கு 88.50 என்று விழுந்திருந்தால் அதே 180 டாலர் 15,930 ரூபாயாக வீங்கிவிடும். வருமானத்துக்கு ஒரு விகிதம், செலவுக்கு இன்னொரு விகிதம் என்பது கேள்வி கேட்க இடம் கொடுப்பது. டாலரில் கொடுத்த படியை டாலரில் செலவழித்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே விகிதம் என்பதே நேர்மையான கணக்கு என்பது என் கருத்து.

70 சதவீதக் கணக்கு மாதக் கணக்கு. ஆண்டுக் கணக்கு அல்ல. இதைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் தகும். ஒருவருக்கு ஐந்து மாதம் 20,000 வீதம், நான்கு மாதம் 12,000 வீதம், பயிற்சியும் விடுப்புமாகப் போன மூன்று மாதம் 4,000 வீதம் படி வந்தது என்றால் ஆண்டு மொத்தம் 1,60,000. இதில் 70 சதவீதம் 1,12,000. ஆண்டு வரம்பு 1,20,000-க்குள்தானே இருக்கிறது என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள். சரியான கணக்கு வேறு. 20,000 வந்த மாதத்தில் 70 சதவீதம் 14,000 ஆனாலும் 10,000 தான் விலக்கு. ஐந்து மாதத்துக்கு 50,000. 12,000 வந்த மாதத்தில் 8,400. நான்கு மாதத்துக்கு 33,600. 4,000 வந்த மாதத்தில் 2,800. மூன்று மாதத்துக்கு 8,400. ஆக மொத்தம் 92,000. 20,000 ரூபாய் கூடுதலாகக் கோரியதற்கு 30 சதவீத அடுக்கில் செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் தீர்வை) சேர்த்து 6,240 ரூபாய் வரி குறைத்துக் கட்டியதாக ஆகும். ஒரு மாதத்தில் மிஞ்சிய வரம்பை அடுத்த மாதத்துக்குத் தள்ள முடியாது. முழு 10,000 கிடைக்க அந்த மாதப் படி குறைந்தது 14,286 ரூபாயாக இருக்க வேண்டும்.

தினப்படியும் வாங்கிக்கொண்டு இந்த 70 சதவீதத்தையும் கேட்கலாமா? விதியின் சொற்கள் ‘அந்த ஊழியர் தினப்படி பெறாதவராக இருந்தால்’ என்று ஆளைப் பற்றிப் பேசுகின்றன, பயணத்தைப் பற்றி அல்ல. லே-ஓவருக்குத் தினப்படி பெறும் விமானி, பறப்புப் படிக்கு 70 சதவீதமும் கோரினால் அந்தக் கோரிக்கை நிற்பது கடினம். படிகளின் தலைப்புகள் வேறு, மாதங்கள் வேறு என்று வாதாடுபவர்கள் இருக்கலாம். வாதாடத் தயாராக இருப்பவர் செய்யட்டும். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டில் ஒன்றை மட்டும் கோருவதையே. தினப்படி பெறுபவருக்கு முதல் உட்பிரிவு. தினப்படியே இல்லாதவருக்கு மட்டும் இரண்டாவது.

உணவு அட்டை வேறு கதை. அலுவலக நேரத்தில் பயன்படும், மற்றவருக்கு மாற்றித்தர முடியாத உணவுக் கூப்பனுக்கு ஒரு வேளைக்கு 50 ரூபாய் வரை விலக்கு என்பது விதி 3(7)இல் இருக்கிறது. லே-ஓவர் படிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கூப்பனுக்கான அந்த விலக்கு புதிய வரி முறையில் கிடையாது.

இப்போது வரி முறைத் தேர்வு. 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறைதான் இயல்பு நிலை. வேண்டாம் என்று சொல்லாதவர் அதில்தான் இருக்கிறார். புதிய முறையில் 10(14) முழுவதுமாகப் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 2020 ஜூன் 26 தேதியிட்ட 38ஆம் எண் அறிவிக்கையின் மூலம் பணிப்பயணம் அல்லது இடமாற்றத்துக்கான பயணச் செலவுப் படி, பணியிடத்துக்கு வெளியே இருக்கும்போதான தினப்படி, அலுவல் வேலையாகப் போய்வரும் வாகனப் படி ஆகியவையும், மாற்றுத்திறனாளி ஊழியருக்கான போக்குவரத்துப் படியும் தக்கவைக்கப்பட்டன. ஆகவே முதல் உட்பிரிவின் லே-ஓவர் விலக்கு இரண்டு முறையிலும் உண்டு. 70 சதவீத விலக்கும் சீருடைப் படி விலக்கும் பழைய முறையில் மட்டும்.

70 சதவீத விலக்குக்காகவே பழைய முறைக்குத் தாவுவது எவ்வளவு நட்டம் என்று பாருங்கள். ஆண்டுச் சம்பளம் 18 லட்சம், அதற்குள் பணியின்போதான சொந்தச் செலவுக்கென்று மாதம் 20,000 ரூபாய் பறப்புப் படி, தினப்படி இல்லை என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையில் 75,000 நிலையான கழிவு போக 17,25,000 வரிக்குரிய வருமானம். 2025-26 அடுக்குகளின்படி வரி 1,45,000, செஸ்ஸுடன் 1,50,800. பழைய முறையில் 50,000 நிலையான கழிவு, 2,500 தொழில் வரி, 1,20,000 படி விலக்கு, சேமிப்புக்கான 1,50,000 எல்லாம் கழித்தால் 14,77,500. வரி 2,55,750, செஸ்ஸுடன் 2,65,980. படி விலக்கால் மிச்சமானது 37,440 ரூபாய். அதைப் பிடிக்கப் போய் 1,15,180 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது. வீட்டுக் கடன் வட்டி, வீட்டு வாடகைப் படி போன்றவற்றில் இன்னும் சுமார் 3.69 லட்சம் கழிவு இருந்தால்தான் இரண்டும் சமமாகும். பெருநகரில் பெரிய வாடகை கொடுப்பவருக்கு அது சாத்தியம். மற்றவர்கள் இரண்டு கணக்கையும் எழுதிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

நிறுவனத்திடம் ஆண்டுத் தொடக்கத்தில் சொன்ன முறைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஏப்ரல் 5 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், அது வரிப் பிடித்தத்துக்காகச் சொல்வது மட்டுமே என்று தெளிவாக்கியிருக்கிறது. வணிக வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஒவ்வோர் ஆண்டும் கணக்குத் தாக்கலின்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, பழைய முறை வேண்டுமென்றால் உரிய கடைசித் தேதிக்குள், அதாவது வழக்கமாக ஜூலை 31க்குள், தாக்கல் செய்துவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் புதிய முறைதான். நெடுந்தூர ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) மாதக் கடைசியில் வெளிநாட்டில் மாட்டிக்கொள்பவர்கள் இதை முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது.

தாக்கல் படிவத்தில் முதலில் மொத்தச் சம்பளத்தை எழுத வேண்டும். விலக்கைக் கழித்த பிறகு வந்த தொகையை அங்கே போட்டுவிட்டால், படிவம் 16இல் உள்ள தொகையோடு பொருந்தாமல் கணினியே கேள்வி எழுப்பும். 10ஆவது பிரிவின் கீழ் விலக்குப் பெறும் படிகள் என்ற இடத்தில் கீழிறங்கும் பட்டியலில் 10(14)(i), 10(14)(ii) இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. லே-ஓவருக்கு முதலாவது, 70 சதவீதத்துக்கு இரண்டாவது. புதிய முறையைத் தேர்ந்தால் முதலாவதில் விதி 2பிபியின் (அ) முதல் (இ) வரையான படிகளைக் குறிப்பிடும் வரி தோன்றும். அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவனம் படிவம் 16இல் விலக்குக் காட்டாவிட்டாலும் நாம் தாக்கலின்போது கோரலாம், கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம். ஆனால் படிவம் 16இல் இல்லாத விலக்குக்கு விளக்கம் கேட்கும் வாய்ப்பு அதிகம், ஆகவே சான்றுகள் கையில் இருந்தால் மட்டுமே கோர வேண்டும்.

சான்று என்று சொல்லும்போது, ஓட்டல் உணவுக் கட்டணச் சீட்டும் அட்டைக் கணக்கும் முதன்மையானவை. அவற்றோடு அந்த மாதத்தின் இறுதி ரோஸ்டரைப் பதிவிறக்கி வைக்க வேண்டும். மாதத் தொடக்கத்தில் வெளியிட்டதை அல்ல, நடந்து முடிந்த பிறகு உள்ளதை. திட்டமிட்ட லே-ஓவர் ரத்தாகி வேறு ஊரில் தங்கியிருந்தால் ரசீதிலுள்ள ஊரும் ரோஸ்டரிலுள்ள ஊரும் ஒத்துப்போகாது. வேலையை விட்ட பிறகு நிறுவனத்தின் இணையதளத்தில் நுழைய முடியாது என்பதால் மாதாமாதம் எடுத்து வைப்பதே வழி. விமானி என்றால் பறப்புப் பதிவேடு கூடுதல் ஆதாரம். வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். அன்றைக்கே படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு கடையில் ரசீது தரமாட்டார்கள், யூபிஐ பரிமாற்றம் இருந்தால் போதும். மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 3 ஆண்டு 3 மாதம் வரை பழைய கணக்கைத் திறக்கத் துறைக்கு அதிகாரம் இருக்கிறது. தப்பிய வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 5 ஆண்டு 3 மாதம். அதுவரை அழிக்கக் கூடாது.

‘லார்சன் அண்ட் டூப்ரோ வழக்கில் ரசீது தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே’ என்பவர்களுக்கு ஒரு விளக்கம். 2009இல் வந்த அந்தத் தீர்ப்பு, ஊழியர் படியை உண்மையில் செலவழித்தாரா என்பதற்கான ஆதாரத்தைத் திரட்டும் சட்டக் கடமை வரி பிடிக்கும் நிறுவனத்துக்கு இல்லை என்றது. ஊழியர் தன் மதிப்பீட்டில் செலவை நிரூபிக்க வேண்டியதில்லை என்று சொல்லவில்லை. நிறுவனம் ரசீது கேட்காமலேயே முழு லே-ஓவர் படிக்கும் விலக்குக் கொடுத்திருந்தாலும் பொறுப்பு ஊழியர் தலையில்தான்.

தவறாகக் கோரியது தெரியவந்தால் காத்திருக்க வேண்டாம். குறைத்துக் காட்டிய வருமானத்துக்கு 270ஏ பிரிவில் வரியின் 50 சதவீதம் அபராதம். தவறான தகவல் தந்து காட்டியது என்று முடிவானால் 200 சதவீதம். துறை கண்டுபிடிப்பதற்கு முன் மேம்படுத்திய கணக்கைத் தாக்கல் செய்தால், தாமதத்துக்கு ஏற்ப 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதல் வரியோடு முடிந்துவிடும். அதற்கான காலம் 2025 நிதிச் சட்டத்தால் 24 மாதத்திலிருந்து 48 மாதமாக நீட்டப்பட்டிருக்கிறது.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம்தான் நடைமுறை. அன்று முதல் ஈட்டும் வருமானத்துக்கே அது பொருந்தும். 2026 மார்ச் 31 வரையான படிகளுக்கு மேலே சொன்ன பழைய சட்டத்தின் பிரிவுகளும் 10,000 ரூபாய் வரம்புமே கணக்கு. புதிய விதிகளில் உள்ள தொகையை முந்தைய ஆண்டுக்கு எடுத்துப் போடக் கூடாது.

கடைசியாக விமான நிறுவனங்களின் சம்பளப் பிரிவுகளுக்கு ஒரு வேண்டுகோள். இத்தனை குழப்பத்துக்கும் மூலம் சம்பளச் சீட்டில் ‘இதர படிகள்’ என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் கொட்டுவதுதான். பறந்த மணிக்கான ஊதியம், பணியின்போதான சொந்தச் செலவுப் படி, பேஸுக்கு வெளியே தங்கியதற்கான தினப்படி ஆகிய மூன்றையும் மூன்று வரியாகப் பிரித்துக் காட்டுங்கள். தினப்படிக்கு மட்டும் தேதி, ஊர், தங்கிய நேரம், விகிதம், நிறுவனம் கட்டிய உணவு எது என்ற விவரத்தோடு மாதம் ஒரு தனித்தாள் கொடுங்கள். ரோஸ்டர் மென்பொருளில் இந்தத் தகவல் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. படியைக் கணக்கிட அதைத்தான் பயன்படுத்துகிறீர்கள். அதை ஊழியர் கண்ணுக்கும் தெரியும்படி அச்சிட்டால் போதும். அதிகாலை நான்கு மணிக்கு இறங்கி ஓட்டல் அறைக்குப் போகும் ஓர் இளம் கேபின் ஊழியர், ஆண்டுக் கடைசியில் பன்னிரண்டு மாத ரோஸ்டரைத் தோண்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
சம்பள வரிக் கணக்குப் பார்க்கும் வாசகர்,
சென்னை